பொருத்துவதும் பிரிப்பதும்

கணக்கு என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு நடுக்கம். இன்றைக்கும் கடைக்காரர் கொடுக்கும் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவேன். இரண்டு தடவையும் இரண்டு தொகை வரும். எது உண்மை என்று தீர்மானிக்கும் பொறுப்பை மனைவியிடம் விட்டுவிடுவேன். இப்படிப்பட்டவனிடம் வந்து, "மாமா, கணக்குப் பாடத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்க" என்று ஒருத்தி கேட்டால், ஒன்று அவள் என்னைப் பற்றி எதுவும் அறியாதவளாக இருக்க வேண்டும். அல்லது வேறு கதி இல்லாதவளாக இருக்க வேண்டும். கேட்டவள் என் அக்காவின் மகள். ஆகையால் முதல் காரணத்துக்கு இடமில்லை.

அக்கா இருப்பது ஏழாயிரம்பண்ணையில். பெயரிலேயே ஓர் எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். சாத்தூரிலிருந்தும் போகலாம், கோவில்பட்டியிலிருந்தும் போகலாம். எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே ஒரே கரிசல் காடுதான். ஒரு காலத்தில் இது பாளையம். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபோது அதனோடு சேர்த்துக் கும்பினியார் பிடுங்கிக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. அதெல்லாம் பழைய கதை. எங்கள் தலைமுறைக்கு ஊரின் சரித்திரம் தீப்பெட்டியிலிருந்துதான் ஆரம்பமாகிறது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923-இல் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துப்போகும் இந்தப் பூமியில், அந்தத் தொழில் ஊர் ஊராக, வீடு வீடாகப் பரவிவிட்டது. பின்னால் பட்டாசும் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். நாற்காலியும் மின்விசிறியும் இல்லாத ஆபீஸ்!

அக்கா மகள் அங்கே அங்கன்வாடி டீச்சர். நான் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தேன். பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், திண்ணையில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வரவு செலவா?"

"இல்ல மாமா. நாளையிலருந்து ஒரு வாரத்துக்குப் பொருத்துதல், பிரித்தல். மூணு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருபத்திரண்டு பிள்ளைக. என்னத்தை வச்சு நடத்துறதுன்னு திட்டம் போடுறேன்."

"பொருத்துவதும் பிரிப்பதும் கணக்கா? ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயேன்."

அவள் சிரித்தாள். "ஒண்ணு, ரெண்டுன்னு அம்பது வரைக்கும் சொல்ற பையன் ஒருத்தன் இருக்கான் மாமா. 'நாலு தட்டு எடுத்துட்டு வாடா'ன்னு சொன்னா, கைக்கு அடங்குற மட்டும் அள்ளிட்டு வருவான். அவனுக்கு ஒண்ணு ரெண்டு மூணுங்கிறது பாட்டு. அதே பையன்கிட்ட, 'உக்காந்திருக்கிற ஆளுக்கு ஒரு தட்டு வையி'ன்னு சொல்லுங்க. ஒருத்தரையும் விடாம வச்சுருவான். அதுதான் மாமா கணக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அறுபது வயதுக்கு மேல் கணக்கு என்றால் என்ன என்பதை ஒரு திண்ணையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது போலும்.

யோசித்துப் பார்த்தால், எண் தெரிவதற்கு முன்பே மனிதன் பொருத்தத் தெரிந்துகொண்டுவிட்டான். எண்ணத் தெரியாத ஓர் இடையன் ஆட்டுக்கு ஒரு கல்லாகப் பையில் போட்டு வைத்துக்கொண்டால் போதும். மாலையில் பட்டிக்குள் நுழையும் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிடுவான். கல் மிஞ்சினால் ஆடு தொலைந்துவிட்டது. எத்தனை ஆடு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஆனால் தொலைந்த ஆட்டைத் தேடிப் போக அந்த அறிவு போதும். நம்முடைய பாட்டிமார்கள் ஆடிய பல்லாங்குழியும் இதேதான்: குழிக்கு ஒரு முத்து. 1870-களில் ஜெர்மனியில் கான்டர் என்ற கணித மேதை முடிவில்லாத எண் தொகுதிகளையே ஒன்றோடு ஒன்று ஒப்பிடப் புறப்பட்டார். அப்போது அவர் கையில் எடுத்த கருவியும், ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தப் பழைய பொருத்தம்தான். இடையன் வைத்திருந்த கல்லையே பேராசிரியரும் வைத்திருந்தார் என்று சொன்னால் கணக்கர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிரிப்பது மட்டும் என்ன, சாமானியமான காரியமா? தொல்காப்பியர் சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முதலில் செய்தது என்ன? உயர்திணை, அஃறிணை என்று உலகத்தை இரண்டு கூடையில் போட்டதுதான். பிறகு மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசையாகப் பிரித்து வைத்தார். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல்லையும் சொத்தையையும் பொறுக்குகிறார்களே, அதுவும் அந்த வேலையே. எதை வைத்துப் பிரிக்கிறோம் என்று மனசுக்குள் ஒரு தீர்மானம் இல்லாமல் ஒரு பருப்பைக்கூட ஒதுக்க முடியாது. அந்தத் தீர்மானம்தான் அறிவு. கை அதற்கு வேலைக்காரன்.

இதை மேல்நாட்டார் நூலாகவும் எழுதியிருக்கிறார்கள். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நிறப் பலகைகளை இணை சேர்ப்பதும், உருளைகளை அதனதன் குழியில் பொருத்துவதும் அவருடைய முறையில் முக்கியமான பயிற்சிகள். சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர், குழந்தைக்கு எண் என்ற எண்ணம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி 1941-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அதில் அவர் செய்யும் ஒரு சோதனை வேடிக்கையானது. ஆறு பொருளுக்கு எதிரே ஆறு பொருளை ஒன்றுக்கு ஒன்றாக வைக்கிறார். "இரண்டும் சமம்" என்கிறது குழந்தை. ஒரு வரிசையை மட்டும் நெருக்கி வைத்ததும், அகலமாக இருக்கிற வரிசையில்தான் அதிகம் என்று சாதிக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருந்தாலும் அதன் கண்ணுக்கு நீளம்தான் கணக்கு.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அக்கா மகள், "அது சரி மாமா, எங்களுக்கு அடையாற்றுப் பலகை வராது. இந்தத் தெருவில் கிடைக்கிறதைச் சொல்லுங்க" என்றாள்.

புளியமுத்து என்றேன். "மூக்குக்குள்ள போட்டுக்குவான்" என்று அடித்துவிட்டாள். மிளகாய் வற்றல் என்றேன். "அந்தக் கையோட கண்ணைத் தேய்ப்பான்." சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு? "அது சரி. ஆனா, பாடம் முடியுற வரைக்கும் மிஞ்சாது." இப்படியாக ஒரு மணி நேரத்தில், பாத்திரமும் அதனதன் மூடியும், ஜோடிச் செருப்பு, பூட்டும் சாவியும், ஆமணக்கு இலை, வேப்பிலை, கத்தரிக்காய், வெங்காயம், தேங்காய்ச் சிரட்டை, பருத்திக்காய் என்று ஒரு பட்டியல் எழுதினோம். முதல் நாள் ஒன்றுபோல் இருப்பதை இணை சேர்ப்பது. இரண்டாம் நாள் மூடி, சாவி போன்ற உறவுப் பொருத்தம். மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு தட்டு. நான்காம் நாள் நிறத்தை வைத்துப் பிரிப்பது. ஐந்தாம் நாள் அதே சாமான்களைக் கலைத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பிரிப்பது. இந்தக் கடைசிப் படிதான் கஷ்டமாம். சிவப்பு என்று ஒரு தரம் ஒதுக்கிய தக்காளியை, உருண்டை என்று மறு தரம் வேறு கூடையில் போடுவதற்குக் குழந்தையின் மனசு ஒரு தாவுத் தாவ வேண்டியிருக்கிறது.

"முதல் நாளுக்குத்தான் ஒண்ணும் அமையலை" என்றாள். "ஒரே மாதிரி ரெண்டு ரெண்டா, படம் போட்டதா, பிள்ளைக கைக்கு அடக்கமா வேணும்."

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "தீப்பெட்டி இருக்கிறதே அம்மா! லேபிளில் விதவிதமாகப் படம்..."

அவள் முகம் மாறிவிட்டது. நோட்டை மூடினாள். "அதை மட்டும் சொல்லாதீங்க மாமா. இந்த ஊர்ப் பிள்ளைக கையிலருந்து அதைப் பிடுங்குறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு! திரும்பவும் நானே எடுத்துக் குடுக்கணுமா? எங்கம்மா விரலைப் பாருங்க."

அக்கா உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பார்க்கத் தேவையில்லை. அந்த விரல்களை எனக்குத் தெரியும்.

வாசகர்கள் பலர் தீக்குச்சியைக் கிழித்திருப்பீர்களே தவிர, கட்டை அடுக்குவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மரச் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய ஒரு சாதனம் அது. ஒவ்வொரு சட்டத்திலும் ஐம்பது சொச்சம் காடிகள். அப்படி ஐம்பது சொச்சம் சட்டங்கள். காடிக்கு ஒரு குச்சி. இரண்டு விழக் கூடாது, ஒன்றும் விடுபடக் கூடாது. நிறைந்த கட்டையை அப்படியே மெழுகிலும் பிறகு மருந்திலும் தோய்ப்பார்கள். குச்சிகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் மருந்து ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். இதற்குச் சின்ன விரல்தான் தோது என்று பெரியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அக்கா எட்டு வயதில் கட்டை அடுக்க உட்கார்ந்தாள். அது 1960-களின் நடுப்பகுதி. இரவில் வீட்டில் அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவாள். பகலில் தீப்பெட்டி ஆபீஸ். 1970-களில் விடிவதற்கு முன்பே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகப் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்தோடு தூக்கமாக ஏறிப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்து, எட்டு மணிக்கு எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன்.

1986-இல் சட்டம் வந்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசி வழக்கில், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2016-இல் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் கூலிக்கு வைக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் பாதி, மதியச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் பாதி, குச்சி அடுக்க வந்த இயந்திரம் கொஞ்சம். எல்லாமாகச் சேர்ந்து பிள்ளைகளைக் கட்டையிலிருந்து எழுப்பின. அக்கா மகளின் கோபத்துக்குப் பின்னால் இத்தனையும் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"குச்சி வேணாம்டி. நீ சொல்றது சரி. வீட்டுக்குப் போயி குச்சியைத் தேடும், பத்த வைக்கும். ஆனா பெட்டி என்ன பண்ணுச்சு? அதுல படம் இருக்குல்ல? அந்தப் படத்தைப் பாத்துத்தான் நான் சேவல் எது, சிங்கம் எது, கப்பல் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கப்பலை இன்னி வரைக்கும் நேர்ல பாத்ததில்ல."

"அம்மா, காடிக்கு ஒரு குச்சின்னு நீ அடுக்கினதும் ஒண்ணுக்கு ஒண்ணுதானேம்மா? அது உனக்குக் கணக்குப் படிச்ச மாதிரியா இருந்துச்சு?"

அக்கா சற்று நேரம் யோசித்தாள். "கை படிச்சது. கண்ணை மூடிக்கிட்டு இப்பவும் அடுக்குவேன். ஆனா ஏன்னு யாரும் கேக்கலியே. ரெண்டு விழுந்தாக் கணக்கப்பிள்ளை கட்டையைத் தள்ளிடுவாரு, அவ்வளவுதான் பேச்சு."

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை, வருஷக்கணக்காக, ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தியிருக்கிறாள் என் அக்கா. பியாஜேயின் சோதனையில் அவளைப் போலத் தேறுகிறவர்கள் இருக்க முடியாது. ஆனாலும் அவளுக்குக் கையெழுத்துப் போட வராது. செய்கை ஒன்றுதான், அங்கன்வாடியில் அது பாடம், ஆபீஸில் அது கூலி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது, "ஏன் அங்கே வைத்தாய்?" என்ற ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருந்தால் விரலில் இருக்கிற வித்தை தலைக்கு ஏறும். இல்லாவிட்டால் விரலிலேயே தங்கி, விரலையே தின்றுவிடும்.

அக்கா மகள் மெதுவாக நோட்டைத் திறந்தாள். பிரித்தலைப் பற்றி அம்மாவுக்கு விளக்கினாள். "எதை வச்சுப் பிரிக்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணணும்மா. அதைப் பிள்ளையே சொல்லணும்."

"ஆமாமா" என்றாள் அக்கா, அவரைக்காய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே. "எங்கய்யா எங்களைப் பிரிச்சாருல்ல, அது மாதிரி. இவன் ஆம்பிளைப் பிள்ளை, பள்ளிக்கூடம். நான் பொட்டப்பிள்ளை, கட்டை. நல்லாத்தான் பிரிச்சாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவரைக்காயில் பூச்சி விழுந்ததைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் திண்ணையில் உட்கார முடியவில்லை. என் முதல் சிலேட்டு அக்கா கட்டை அடுக்கிய காசில் வாங்கியது. எத்தனையோ குடும்பங்களின் கதையை நான் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு கூடை இருந்ததையும், எதை வைத்துப் பிரித்தார்கள் என்பதையும் அந்த மாலை வரையில் நான் நேராகப் பார்த்ததில்லை.

அன்று இரவே அக்கா கிளம்பிவிட்டாள். கடையில் கிடைக்கிற தினுசில் இரண்டிரண்டு வாங்கியது பாதி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளில் வெறும் பெட்டியாகச் சேர்த்தது பாதி. மொத்தம் பன்னிரண்டு ஜோடி. வீட்டில் இருந்த பெட்டியையும் விடவில்லை. குச்சியையெல்லாம் ஒரு தகர டப்பாவில் கொட்டி, எட்டாத மாடத்தில் வைத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த மருந்துப் பட்டையை மறைத்து ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டினாள். ஒரு பெட்டிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம், நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் நேரம்.

மறுநாள் காலையில் நானும் மையத்துக்குப் போனேன். முதல் பாடம் அமர்க்களமாக நடந்தது. கப்பலோடு கப்பலும் சேவலோடு சேவலும் சேர்ந்தன. ஒரு பையன் சிங்கத்தையும் மானையும் ஜோடி சேர்த்தான். "ஏன்டா கண்ணு?" என்று டீச்சர் கேட்டாள். "சிங்கத்துக்குப் பசிக்கும்ல?" என்றான். என்னுடைய பியாஜே சோதனையையும் செய்து பார்த்தேன். ஆறு பெட்டி, எதிரே ஆறு வெள்ளரிப்பிஞ்சு. சமம் என்று நாலு வயதுப் பையன் ஒப்புக்கொண்டான். பிஞ்சுகளை நெருக்கி வைத்துவிட்டு, "இப்போது எது அதிகம்?" என்று கேட்டேன். "பெட்டிதான்" என்றான், அடித்துச் சொல்வது போல. அறிஞர் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷத்தில் நான் திரும்பி டீச்சரைப் பார்ப்பதற்குள், அவன் ஒரு பிஞ்சைத் தின்றுவிட்டான். அதற்குப் பிறகு அவன் சொன்னதும் சரியாகிவிட்டது.

பிரிக்கும் பாடம் நான்காம் நாள்தான். ஊருக்குக் கிளம்ப வேண்டியவன், அதைப் பார்ப்பதற்காகவே தங்கிவிட்டேன். பாயில் பல சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள்: சிவப்பு மூடி, தக்காளி, பச்சைத் துண்டு, வெங்காயம், எவர்சில்வர் தூக்குவாளி, நீலச் செருப்பு, ஆமணக்கு இலை, இன்னும் ஏதேதோ. சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண்ணின் முறை வந்தது. "ஒண்ணா இருக்கிறதை ஒரு பக்கமா வையி" என்றாள் டீச்சர். அந்தப் பெண் தூக்குவாளியை எடுத்து வைத்தது. பக்கத்தில் பச்சைத் துண்டை வைத்தது. அப்புறம் நீலச் செருப்பு. அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

டீச்சரின் நோட்டில் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் போட்டிருந்தாள்: ஒன்று சரிக்கு, ஒன்று தப்புக்கு. நிறம் ஒன்றில்லை, வடிவம் ஒன்றில்லை, அளவும் ஒன்றில்லை. பேனா தப்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. பேனாவை நிறுத்திவிட்டு, "ஏன் பாப்பா இது மூணும் ஒண்ணு?" என்று கேட்டாள்.

"எங்கம்மா வேலைக்குக் கொண்டுபோறது."

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தாய் பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மருந்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துச் செய்கிற தொழில். சேரக் கூடாதது சேர்ந்தாலும், சேர்ந்தது உரசினாலும் ஆபத்து. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி, இதே பகுதியில் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். இங்கே வளர்கிற குழந்தைக்கு, காலையில் வாளியும் துண்டும் செருப்புமாகப் போகிற அம்மா மாலையில் திரும்புவது என்பது, நிறத்தைவிடவும் வடிவத்தைவிடவும் பெரிய விஷயம். அந்த மூன்றையும் அதைவிடச் சரியாக யாரால் பிரிக்க முடியும்?

அன்றைக்கு மத்தியானம் அக்கா மகள் ஸ்கேலை எடுத்து நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். அதன் தலைப்பில், 'பிள்ளை சொன்ன காரணம்' என்று எழுதினாள். இரண்டு கட்டத்தைவிட அதை அகலமாகவே போட்டாள். சிங்கத்தின் பசியையும் ஞாபகமாக அதில் எழுதிக்கொண்டாள்.

பக்கத்தில் வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடந்தது. வைப்பாற்றங்கரை மேட்டில் சங்கு வளையலும் கண்ணாடி மணியும், சுடுமண்ணால் செய்த வட்டச் சில்லுகளும் கிடைத்தன. ஓட்டை உரசி உருண்டையாக்கி விளையாடியவை என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பெரிது, சிறிது, உன்னுடையது, என்னுடையது என்று பிரித்துத்தான் விளையாடியிருக்கும். அந்தச் சில்லுகளை ஆராய்ச்சியாளர்கள் இப்போது பிரித்து, எண்ணி வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லத்தான் அந்தப் பிள்ளைகள் இல்லை.

அன்று பொழுது சாய்கிற நேரம். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரிப்பன் பெண் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அதன் தாய் வேலை முடிந்து வரும் வரையில் தினமும் அங்கேதான் இருக்குமாம். அக்கா உள்ளேயிருந்து, "தம்பி, விளக்கைப் பொருத்துடா" என்றாள். எங்கள் பக்கத்தில் விளக்கை ஏற்று என்று சொல்வதைவிடப் பொருத்து என்று சொல்வதுதான் வழக்கம். மாடத்திலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். டப்பா நிறையக் குச்சி. ஆனால் உரசுவதற்குப் பெட்டி எங்கே? குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் ஒரு மருந்து. இரண்டும் சேர்ந்தால்தான் நெருப்பு. பெட்டிகளெல்லாம் மையத்தில் ஜோடி ஜோடியாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தன!

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மையம் இரண்டு வீடு தள்ளித்தான். அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் ஒரு பெட்டி வாங்கி வரும்படி ரிப்பன் பெண்ணை அனுப்பினாள். அது ஓடிப்போய், கைக்கு ஒன்றாக இரண்டு பெட்டி கொண்டுவந்தது. இரண்டிலும் கப்பல்.

"ஒண்ணு போதுமே பாப்பா" என்றேன்.

"ஜோடியைப் பிரிக்கக் கூடாதுல்ல" என்றது.

காகிதத்தைக் கிழித்து, உரசி, விளக்கைப் பொருத்தினேன். தெருக்கோடியில் பட்டாசு ஆபீஸ் வேன் வந்து நின்று, பெண்கள் இறங்கினார்கள். திண்ணையிலிருந்து அந்தக் குழந்தை குதித்து ஓடியது. நானும் வாசலில் நின்று பார்த்தேன். கணக்கு வராதவன்தான் நான். இருந்தாலும் அன்று எண்ணிப் பார்த்தேன். தூக்குவாளி, துண்டு, செருப்பு. மூன்றும் சரியாக இருந்தன.